சாயங்காலம் ஆறு மணிக்கு விடியும்

நாலே முக்கால். வெளியே கோயம்புத்தூர் வெயில் இன்னும் இறங்கியிருக்காது. சுவருக்கு அந்தப் பக்கம் வாலிபால் ஆடுகிற பையன்கள் பந்தைத் தொம் தொம்மென்று சாத்துகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. ஆனால் செண்பகவல்லி உட்கார்ந்திருந்த அறையில் இது விடிவதற்குக் கொஞ்சம் முந்தின நேரம், கோழி கூவாததுதான் பாக்கி. கூத்து என்றால் இதுதான் கூத்து. பல்கலைக்கழகத்துச் செடி வளர்ப்பறை அது. அங்கே காலை ஆறு மணிக்கு விளக்கெல்லாம் தானாக அணையும், சாயங்காலம் ஆறு மணிக்குத் தானாக எரியும். ராத்திரியில் இலைக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்கிற ஆராய்ச்சிக்கு வருசக்கணக்கில் முழித்திருந்தால் மனுசர் தாங்கமாட்டார்கள் என்று, ராத்திரியையே தூக்கிப் பகலில் வைத்துவிட்டார்கள். செடிகள் நாலைந்து நாளில் ஒத்துக்கொண்டன. ஒத்துக்கொள்ளாதது இவள் உடம்புதான். ஆறு வருசமாகப் பகலெல்லாம் இருட்டில் உட்கார்ந்து முகம் வெளுத்துப்போய், வெயிலைக் கண்டால் கண் கூசி, ஹாஸ்டலில் போய்ப் படுத்தால் கொட்டக் கொட்ட முழிப்பு. தலைக்கு மேலே ஒரு பச்சை பல்பு எரிந்தது, எரிகிறதா இல்லையா என்று சந்தேகப்படும்படி. பச்சை வெளிச்சத்தைச் செடி அவ்வளவாகக் கண்டுகொள்ளாது, அதனால் அதுக்கு மட்டும் அனுமதி. ஸ்டூலுக்கு ஒரு கால் குட்டை. ஆறு வருசமாகக் குட்டை. ஒரு அட்டையை மடித்து அடியில் கொடுக்க நேரமில்லை நேரமில்லை என்று சொல்லிக்கொண்டு, இதே ஸ்டூலில் ஒரு நாளைக்கு நாலு மணி நேரம் கையைக் கட்டி உட்கார்ந்திருக்கியே, இது என்னடி நியாயம். இன்னும் ஒரு மணி நேரம். ஆறுக்குப் பத்து நிமிசம் இருக்கையில் இலையைக் கிள்ளணும். அதுவரைக்கும் இப்படியே ஆடிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

செடிகளைப் பார்த்தாள். கடுகுக்குத் தூரத்துச் சொந்தம் இவை, உள்ளங்கை அகலத்துக்குத் தரையோடு தரையாக இலை விரித்துக் கிடக்கும், ஒரு துவையலுக்குக்கூட ஆகாது. இதுகளுக்குத்தான் எத்தனை சாமர்த்தியம் என்று முதல் வருசம் வாயைப் பிளந்திருக்கிறாள். பகலில் வெயிலை வாங்கிச் சர்க்கரை செய்கிற இலை, செய்ததை எல்லாம் அன்றைக்கே தின்று தீர்ப்பதில்லை. ஒரு பங்கை மாவாக்கி இலைக்குள்ளேயே குட்டிக் குட்டி மணியாகச் சேர்த்து வைக்கும். இருட்டியதும் அதை உடைக்க ஆரம்பிக்கும். முதலில் ஒரு நொதி வந்து மாவுமணியின் இறுகின மேல்பக்கத்தைத் தளர்த்திவிடும், பின்னாடியே இன்னொன்று வந்து நுனியிலிருந்து கடித்துக் கடித்துச் சர்க்கரையாக்கும். அதைத் தின்றுகொண்டு ராத்திரியெல்லாம் வேர் வளரும், குருத்து வளரும். இதில் என்ன அதிசயம், பசித்தால் யாரும்தான் தின்பார்கள். அதிசயம் அளவில் இருந்தது. ராத்திரி முழுக்க ஒரே வேகம். ஆரம்பத்தில் அள்ளி விடுவதில்லை, கடைசியில் திண்டாடுவதும் இல்லை. விடிகிற நேரம் பானையில் கைவிட்டால் அடியில் ஒட்டியது மட்டும்தான் இருக்கும். ஒரு நாள் வேண்டுமென்றே நாலு மணி நேரம் முந்தியே விளக்கை அணைத்துப் பார்த்தார்கள். அன்றைக்குச் சேமிப்பும் குறைவு, ராத்திரியும் நீளம். பாவம், நடுவில் பட்டினி கிடக்கும் என்றுதானே நாம் நினைப்போம்? கிடக்கவில்லை. இருட்டின அந்த நேரத்திலேயே கணக்குப் போட்டு வேகத்தைக் குறைத்துக்கொண்டு, இருந்ததை விடியும்வரை இழுத்துப் பறித்துக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டது. கையில் எவ்வளவு இருக்கிறது, விடிய எத்தனை நேரம் இருக்கிறது, இதை அதால் வகு. வகுத்தல் கணக்கு. மூளை கிடையாது, விரல் கிடையாது, வகுக்கிறது. உள்ளே ஒரு கடிகாரம் இருக்கிறது, பொழுது சாய்ந்ததிலிருந்து அது எண்ணிக்கொண்டே வரும். எனக்குத்தான் வகுக்கத் தெரியல. எவ்வளவு தெம்பு மிச்சமிருக்குன்னும் தெரியல, எப்ப விடியும்னும் தெரியல, எதை எதால வகுக்கிறது. வேலாயுதம் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் கேட்பார், "என்ன வல்லி, இந்த வருசம் முடிஞ்சிருமா?" அவர் கேட்கிறது தப்பில்லை. கட்டின பெண்டாட்டி சிவகாசியில் தன்கூட இல்லாமல் மேற்கே ஒரு இருட்டறையில் இருந்தால் எந்தப் புருசனும் கேட்பான். முடிஞ்சிரும் என்று நாலு வருசமாகச் சொல்லி, சொல்லிச் சொல்லியே அந்த வார்த்தை சப்பென்று ஆகிவிட்டது.

முடிவது பதினேழாம் நம்பர் கையில் இருந்தது. அதோ, திரைக்குப் பக்கத்து அலமாரியில், பச்சை லேபிள் ஒட்டின ட்ரேயில் ஆறு வரிசையாக உட்கார்ந்திருக்கிற மகாராணி. ரெண்டு வருசத்துக்கு முன்னால் விதைகளை மருந்தில் ஊறவைத்து, மரபைக் கண்டபடி கலைத்து, இருநூறு வகை வளர்த்து, ஒவ்வொன்றிலும் விடிகிற நேரத்து இலையைக் கிள்ளி அயோடினில் போட்டுப் பார்த்தாள். மாவு இருந்தால் இலை கறுக்கும், இல்லையென்றால் வெளிறிக் கிடக்கும். நூற்றுத் தொண்ணூற்று ஒன்பதும் வெளிறியது. பதினேழு மட்டும் கறுத்தது. விடிந்த பிறகும் மாவு மிச்சம்! அதாவது இதுக்கு வகுக்கத் தெரியவில்லை. எந்த மரபணு கெட்டதால் வகுக்கத் தெரியவில்லையோ, அந்த மரபணுதான் கணக்குப்பிள்ளை. அன்றைக்கு அவள் தலைதெறிக்க மாடிப்படி ஏறி ஓடியதை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது. கைடு ஜெயசீலன் சார் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். "எம்மா, முப்பது வருசம் இந்த மாதிரி ஒண்ணு மாட்டாதான்னு இருந்தேம்மா." அதிலிருந்து எல்லாம் பதினேழுதான். அதில் கெட்டுப்போன ஒரு மரபணுவைக் கண்டுபிடித்தார்கள், கட்டுரை எழுதினார்கள், அனுப்பினார்கள். திருப்பி வந்த கடிதத்தில் ரெவியூவர் என்கிற முகம் தெரியாத மனுசர் ஒரே ஒரு வரி கேட்டிருந்தார்: இன்னொரு தடவை புதிதாக வளர்த்துச் செய்து காட்டுங்கள். அவ்வளவுதான். இன்று கறுத்தால் கட்டுரை வரும், கட்டுரை வந்தால் ஆய்வேட்டைக் கொடுக்கலாம், ஜூனில் சார் ரிட்டையர் ஆவதற்குள் வைவா முடித்துவிடலாம். இவளுக்குக் கொடுத்த கடைசி நீட்டிப்பும் ஜூனோடு சரி. இன்று கறுக்காவிட்டால் எதுவும் கிடையாது, ஆறு வருசம் ஆற்றில் போட்டது. ஒரு இலை. கட்டைவிரல் நகம் அளவு. இதுமேல நான் என் வாழ்க்கையத் தூக்கி வச்சிருக்கேன், சட்டியில இருந்தாத்தான அகப்பையில வரும், இருக்கணுமே சாமி, மாவு இருக்கணுமே.

கறுக்கும். ஏன் கறுக்காது? எத்தனை தடவை கறுத்திருக்கிறது. ஏழு தடவை. ஒரே ஒரு தடவைதான், போன மே மாசம், வெளிறியது. அந்த மே மாசத்தை நினைக்கக் கூடாது என்று காலையிலிருந்து பத்துத் தடவை நினைத்தாயிற்று. அன்றைக்கு ஏசி மக்கர் பண்ணியது, சூடு ரெண்டு டிகிரி ஏறியிருந்தது, சாரே சொன்னார், "அதைக் கணக்குல சேக்காதம்மா, அது செடி தப்பில்ல." சேர்க்கவில்லை. ஆனால் அதற்கு முந்தின தடவையும் ஏசி மக்கர்தானே? அன்றைக்குக் கறுத்ததே. சும்மா இரு. மே மாசம் நல்ல மாசம். மகள் தனுவுக்கு லீவு விட்டு, மூன்று வாரம் இங்கேயே கூட்டிக்கொண்டு வந்து, ஒரு ரூம் எடுத்து, காலையில் குளிப்பாட்டித் தலைசீவி, பக்கத்து டேகேரில் விட்டுவிட்டு வருவாள். மூன்று வாரம்தான் அந்தப் பிள்ளை இவளை முழுசாகப் பார்த்தது. பதினோரு மாசத்தில் விட்டுவிட்டு வந்த பிள்ளை. வேலாயுதத்தின் அக்கா பாக்கியம் மதினிதான் வளர்க்கிறாள், குறை சொல்ல முடியாது, சொன்னால் நாக்கு அழுகிப்போகும். ஆனாலும் அந்த மதினி ஒரு வார்த்தை சொல்வாள் பாரு, "புள்ள உன் மொகத்தையே போன்லதான் பாக்கு." குத்திச் சொல்கிறாளா சும்மா சொல்கிறாளா என்று கடவுளுக்குத்தான் வெளிச்சம். அதனால்தான் தினமும் எட்டு நாற்பதுக்கு, ஸ்கூல் வேன் வருவதற்கு முன்னால், வீடியோ கால். மழை வந்தாலும் காய்ச்சல் வந்தாலும் எட்டு நாற்பது. அந்த நேரம் இவள் இங்கேதான் இருப்பாள், காலை இலை எடுக்கிற வேலை. உள்ளே போனுக்கு அனுமதி இல்லை, இவளே எழுதி ஒட்டின சட்டம் அது. அதனால் கறுப்புத் திரைக்கு வெளியே, கை கழுவுகிற தொட்டி இருக்கிற முன்னறையில் நின்று பேசுவாள். அங்கேயும் விளக்குப் போட முடியாது. "ம்மா, மூஞ்சி தெரில, லைட்டு!" என்று பிள்ளை அடம்பிடித்ததால், வேலாயுதம் போனில் மாட்டுகிற குட்டி வளைய விளக்கு ஒன்று வாங்கி அனுப்பினார். மூஞ்சிக்கு நேரே பளீரென்று அடிக்கும், பேசி முடித்து அணைத்தால் கண்ணுக்குள் ரெண்டு நிமிசம் வெள்ளை வட்டம் ஓடும். பத்து நிமிசம், பதினைந்து நிமிசம். அதுதான் அவள் நாளில் வகுக்காமல் செலவழிக்கிற நேரம்.

தொண்டை வறண்டது. அஞ்சு பத்து. தண்ணீர் குடிக்கலாம், எழுந்தால் ஒன்றும் குடி முழுகாது என்று திரையை விலக்கி முன்னறைக்கு வந்து, பின்னால் திரையைச் சரியாக இழுத்துவிட்டு, கதவைத் திறந்து வராந்தாவுக்குப் போனாள். வெயில் மூஞ்சியில் அறைந்தது. பாட்டிலைக் கவிழ்த்துக்கொண்டே போனைப் பார்த்தாள். வேலாயுதத்திடமிருந்து காலையில் ஒரு படம் வந்திருந்தது, கூடவே ரெண்டு வரி. "இன்னைக்கு நீ பேசுனப்ப அக்கா எடுத்தது. கண்ணாடியில பாக்கியா இல்லையா, எப்படி எளச்சுப் போயிருக்க பாரு. ஒழுங்காச் சாப்புடு." வீடியோ காலை அப்படியே படம் பிடித்து அனுப்பியிருக்கிறார்கள். மூலையில் சின்னக் கட்டத்தில் தனு, வாயில் இட்லி. பெரிய கட்டத்தில் இவள், பேயறைந்த மாதிரி வெள்ளை வெளேரென்று. எளைக்காம என்ன செய்யும், மெஸ்ஸுல போடுற சோத்தைத் தின்னு பாத்தாத் தெரியும். சிரிப்புகூட வந்தது. போனைப் பைக்குள் வைக்கப் போனவள் ரெண்டு விரலால் படத்தைப் பெரிசாக்கினாள், கண்ணுக்குக் கீழே கருவளையம் எவ்வளவு என்று பார்க்கத்தான். கருவளையத்தைத் தாண்டி, காதைத் தாண்டி, தோளுக்குப் பின்னால் கறுப்புத் திரை தெரிந்தது. திரை சுவரைத் தொடவில்லை. நடுவில் நாலு விரக்கடை சந்து. அந்தச் சந்துக்குள்ளே, பட்டப்பகல் மாதிரி வெளிச்சம் விழுந்து, ஒரு அலமாரியின் ஓரம் பளபளத்தது. அதில் ஒரு பச்சை லேபிள். லேபிளுக்குப் பின்னால் முன்வரிசைச் செடிகள், ஒவ்வொரு இலையும் எண்ணுகிற மாதிரி.

அட கஷ்டகாலமே. முதலில் அவ்வளவுதான் தோன்றியது. வாலிபால் பையன் ஒருத்தன் "போச்சுடா!" என்று கத்தினான், இவளுக்குச் சொன்ன மாதிரியே இருந்தது. உள்ளே வந்து திரையைத் தடவினாள். இருந்தது சந்து. கையை விட்டால் கை போனது. இத்தனை நாள் தெரியாமல் இருக்க எனக்கு என்ன கண்ணா அவிஞ்சுபோச்சு? அவிஞ்சுதான் போயிருந்தது, மூஞ்சிக்கு நேரே விளக்கை அடித்துக்கொண்டு நிற்கிறவளுக்குப் பின்னால் என்ன தெரியும். ஸ்டூலில் போய் உட்கார்ந்தாள், அது ஒரு பக்கம் சாய்ந்தது. எட்டு நாற்பது என்றால் இதுகளுக்கு இருட்டி ரெண்டே முக்கால் மணி நேரம். அந்த நேரத்தில் கண்ணில் வெளிச்சத்தைக் காட்டினால் எந்தச் செடியும் என்ன நினைக்கும்? ஓகோ, இன்னும் பொழுது சாயல போல என்று கடிகாரத்தைப் பின்னால் தள்ளி வைத்துக்கொள்ளும். விடியல் இன்னும் தள்ளியிருக்கிறது என்று நம்பி மாவைச் சிக்கனமாக உடைக்கும். ஆறு மணிக்குத் திடீரென்று விடிந்துவிட்டால் கையில் மிச்சம் இருக்கத்தானே செய்யும். மரபணுவும் வேண்டாம் மண்ணாங்கட்டியும் வேண்டாம். வகுக்கத் தெரியாத செடி இல்லை இது, பொய்யான நேரத்தைச் சொன்னாலும் சரியாக வகுக்கிற செடி. இல்லை இல்லை, அவசரப்படாதே, ஒரு பத்து நிமிச வெளிச்சத்துக்கா இவ்வளவு? மே மாசம். தனு கூடவே இருந்தாள். மே மாசம் வீடியோ கால் இல்லை. ஏசி, ஏசி என்று ஏசியை வைதோமே, பாவம் அது. அப்போ இருநூறில் பதினேழு மட்டும் ஏன்? அந்தக் கேள்விக்கும் பதில் வந்தது. இருநூறில் ஒரு ட்ரேதான் அந்த ஓரத்தில் இருக்க முடியும். அன்றைக்கு அந்த இடத்தில் உட்கார்ந்தது பதினேழு. அப்புறம் ராசியான இடம் என்று ஒவ்வொரு தடவையும் அங்கேயே வைத்தாள், முன்வரிசைதான் கைக்கு எட்டும் என்று முன்வரிசையிலேயே கிள்ளினாள். மருந்தில் ஊறின விதையில் மரபணு கெட்டிருப்பது என்ன அதிசயம், தேடினால் இருநூறிலும் ஏதோ ஒன்று கெட்டிருக்கும். எம்.எஸ்ஸி பிள்ளைகளுக்கு வருசா வருசம் முதல் வகுப்பிலேயே சொல்கிற பாடம், ட்ரேயை மூணு நாளைக்கு ஒருமுறை இடம் மாத்துங்க, ஒரே இடத்துல வச்சா இடத்தோட குணம் செடியோட குணமாத் தெரியும். ஊருக்குத்தான்டி உபதேசம். இத்தனை வருசம் நான் படிச்சது செடிய இல்ல, ஒரு திரைச்சீலையோரத்துச் சந்த. பல்லைக் கடித்தாள். யார் மேல் கோபப்படுவது என்று தெரியாமல் எல்லார் மேலும் கோபம் வந்தது. விளக்கு வாங்கி அனுப்பின வேலாயுதத்தின் மேல், நாலு விரக்கடை துணியை மிச்சம் பிடித்த தையல்காரன் மேல், "லைட்டு" என்று கத்தின பிள்ளை மேல்கூட. உடனே அந்தக் கோபம் தன் கன்னத்திலேயே திரும்பி அறைந்தது. சீ, அவ என்ன செய்வா, அம்மா மூஞ்சியத்தான கேட்டா.

அஞ்சு நாற்பது. வேண்டாம், ஒன்றும் தெரியாத மாதிரி இருந்துவிடலாம். படத்தை அழித்துவிட்டால் போச்சு. முன்வரிசையில் கிள்ளினால் கறுக்கும், இன்றைக்கும் காலையில் பேசியிருக்கிறாளே, கறுக்கத்தான் செய்யும். ரெவியூவர் கேட்டது கிடைக்கும். பொய் எழுதவில்லை, கறுத்ததைக் கறுத்தது என்றுதானே எழுதப்போகிறாள். யாரோ ஜெர்மனியில் ஒருத்தர் ரெண்டு வருசம் கழித்து விதை கேட்டு வாங்கி வளர்த்துப் பார்த்து, எங்களுக்கு வரவில்லையே என்று மெயில் போடுவார், தட்பவெப்பம் மாறும் சார் என்று பதில் போட்டால் ஆயிற்று. அதற்குள் தனு ஒண்ணாம் வகுப்புப் போயிருப்பாள், இவள் அவளுக்குத் தலைசீவிக்கொண்டிருப்பாள். எல்லாரும் நல்லா இருப்பார்கள். இதில் யாருக்கு என்ன நட்டம்? இடுக்கியை எடுத்தாள். பச்சை வெளிச்சத்தில் தன் கையே பிணத்தின் கை மாதிரி தெரிந்தது. முன்வரிசையில் ஆறு இலை கிள்ளி, பச்சையை இறக்குகிற சூடான சாராயத்தில் போட்டாள். அஞ்சு ஐம்பத்து இரண்டு. வேலை முடிந்தது, போகலாம். போகாமல் அலமாரிக்குள் கையை நீட்டி, சந்து வெளிச்சம் எட்டாத கடைசி வரிசையில், அதே பதினேழில், இன்னும் ஆறு இலை கிள்ளினாள். ஏன் கிள்ளினாள் என்று கேட்டால் அவளால் சொல்ல முடியாது, அரிக்கிற இடத்தைச் சொறிகிற மாதிரி கை போய்விட்டது. அதை இன்னொரு குடுவையில் போட்டாள். டக்கென்று ஆறு மணிக்கு விளக்குகள் எரிந்தன, விடிந்துவிட்டது, கண்ணை மூடிக்கொண்டாள். ரெண்டு குடுவையையும் தூக்கிக்கொண்டு மாடியில் இருக்கிற ஆய்வகத்துக்கு வந்து, வெந்நீர்த் தொட்டியில் வைத்து, பச்சையெல்லாம் இறங்கி இலைகள் வெள்ளைக் காகிதம் மாதிரி ஆகும்வரை நின்றாள். பின்வரிசையும் கறுத்துவிடு, தாயே. கறுத்துவிட்டால் நான் நினைத்ததெல்லாம் தப்பு, பதினேழு நிஜம், சந்தை அடைத்துவிட்டுச் சந்தோசமாகப் போவேன். கறுத்துரு, உனக்குக் கோடிப் புண்ணியம். அலசி, ரெண்டு தட்டில் பரப்பி, அயோடினை ஊற்றினாள். முதல் தட்டு கறுத்தது, நரம்பு நரம்பாக ஓடி மை கொட்டின மாதிரி ஆனது. ரெண்டாவது தட்டு மஞ்சளானது. அதற்கு மேல் ஒன்றும் ஆகவில்லை. பத்து நிமிசம், பதினைந்து நிமிசம் நின்று பார்த்தாள், ஆகவில்லை.

ஆறே முக்காலுக்கு ஜெயசீலன் சார் ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி வந்தார். வீட்டுக்குப் போகிறவர் போகிற வழியில் எட்டிப்பார்க்கிற மாதிரி வந்தார், ஆனால் அஞ்சு மணியிலிருந்து தன் அறைக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்திருப்பார் என்று இவளுக்குத் தெரியும். "என்னம்மா, வந்துச்சா?" முதல் தட்டை நீட்டினாள். டியூப் லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடித்தார். "கருகருன்னு இருக்கேம்மா! நான் சொன்னேன்ல, நான் சொன்னேன்ல?" சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டு ரெண்டாவது தட்டை நகர்த்துவதற்கு இவளுக்கு ஒரு நிமிசம் ஆனது. "இது என்ன, சாதாச் செடியா?" என்று கேட்டார். "இல்ல சார். இதுவும் பதினேழுதான். அதே ட்ரே, பின்வரிசை." சிரிப்பு அப்படியே இருந்தது, கண்ணில் மட்டும் நின்றுபோனது. அவரைக் கீழே கூட்டிக்கொண்டு போய், முன்னறையில் நின்று வளைய விளக்கைத் தூக்கிக் காட்டி, திரைக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த சந்தைக் காட்டினாள். தினமும் எட்டு நாற்பது, ரெண்டு வருசம், போன மே மாசம் தவிர என்று சொன்னாள். சொல்லும்போது குரல் உடையவில்லை, அதுவே அவளுக்கு எரிச்சலாக இருந்தது. சார் அந்தச் சந்தில் ரெண்டு விரலை வைத்து அகலம் பார்த்தார். மறுபடி நாலு விரலை வைத்துப் பார்த்தார்.

"பின்வரிசையக் கிள்ளச் சொல்லி யாரும்மா கேட்டா?" என்றார் கடைசியில். கோபமாக இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்கிற மாதிரி. "ரெவியூவர் கேக்கல. நானும் கேக்கல."

"நான்தான் சார் கேட்டேன்."

"ஜூன்ல நான் போயிருவேன். தெரியும்ல?"

"தெரியும் சார்."

"அப்புறம் உன்னை யாரும் எடுத்துக்கமாட்டாங்க. புது ஆளு, புதுத் தலைப்பு, எல்லாம் மொதல்ல இருந்து. அந்தப் புள்ள எத்தனை வயசு இப்ப?"

"நாலு சார்."

அவர் ஹெல்மெட்டை மாட்டினார், வாரைப் பூட்டத் தெரியாமல் ரெண்டு தடவை தடுமாறினார். "நோட்டுல எதுவும் எழுதாத. நாளைக்குக் காலையில வா, பேசுவோம். அந்த ரெண்டாவது தட்டை ஊத்திரும்மா." சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்க்காமல் போனார். ஸ்கூட்டர் உதைக்கிற சத்தம் நாலைந்து தடவை கேட்டது, அப்புறம்தான் கிளம்பியது.

மேலே வந்தாள். தொட்டி கைக்கு எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது. தட்டை எடுத்தாள், வைத்தாள். நாளைக்குப் பேசினால் அவர் நல்ல விதமாகத்தான் பேசுவார், கெஞ்சக்கூடச் செய்வார், தனுவைப் பற்றிச் சொல்வார், அவள் சரி என்றுதான் சொல்வாள். தன்னை அவளுக்குத் தெரியும். நாளைக் காலையில் அவள் கட்டாயம் சரி என்பாள். அந்த நினைப்பு வந்ததும் நோட்டைப் பிடுங்கித் திறந்தாள். அதில் பேனாவால்தான் எழுதணும், அடிக்கக் கூடாது, பக்கத்தைக் கிழிக்கக் கூடாது, எல்லாப் பக்கத்துக்கும் நம்பர் உண்டு. தேதி போட்டாள். முன்வரிசை கறுப்பு, பின்வரிசை வெளிறல் என்று எழுதினாள். திரையில் நாலு விரக்கடை இடைவெளி, தினமும் காலை எட்டு நாற்பதுக்கு என் விளக்கு என்று எழுதினாள். சனியன் பேனா நடுவில் நின்றது, உதறி எழுதினாள். கடைசியாக, பதினேழாம் நம்பர் செடியில் எந்தக் குறையும் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அதுக்குப் பிறகுதான் அழுகை வந்தது.